சோத்தை விட்டாச்சு, சுகர் விடலையே!

சர்க்கரை நோயும் சாப்பாடும்: வாசகர் கேள்விகளுக்கு நம் உணவியல் ஆலோசகர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. சோற்றை நிறுத்திவிட்டோம், சப்பாத்திக்கு மாறிவிட்டோம், சிறுதானியம் வாங்கிவிட்டோம், பிறகும் ஏன் குறையவில்லை? அதனால் முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. விவசாயம் பார்க்கிறார். சர்க்கரை நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. மெட்ஃபார்மின் மாத்திரை இரண்டு வேளை. ராத்திரி சோறே கிடையாது. 5 சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி. மதியம் மட்டும்தான் சோறு. ஆனாலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240-க்குக் கீழே வருவதில்லை. "இதுக்கு நான் சோத்தையே தின்னுட்டுப் போறேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறார். எங்கே தப்பு நடக்கிறது?
*- வாசகி, மன்னார்குடி*

பதில்: உங்கள் கணவரின் கோபம் நியாயமானதம்மா. பிடித்ததை விட்டுக்கொடுத்தும் பலன் இல்லை என்றால் யாருக்கும் வெறுத்துப்போகும். நானும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரிதான். மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு வளர்ந்தவரிடம் ராத்திரிச் சோற்றை நிறுத்தச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தத் தியாகம் வீணாகக் கூடாது என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால், அதில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) சுமார் 19 கிராம். ஐந்து சப்பாத்திக்கு 95. குருமாவில் ஒரு நடுத்தர உருளைக்கிழங்கு அவர் பங்குக்கு வந்தால் இன்னொரு 15. ஆக மொத்தம் 110 கிராம். இனி சோற்றைப் பாருங்கள். 200 மில்லி பிடிக்கிற கிண்ணத்தில் அழுத்தாமல் நிரப்பினால் சுமார் 150 கிராம் சோறு; அதில் மாவுச்சத்து 42 கிராம். முன்பு அவர் ராத்திரியில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டிருந்தால்கூட 85 கிராமுக்குள்தான் வந்திருக்கும். அவர் சோற்றை விட்டார், ஆனால் மாவுச்சத்து குறையவில்லை, கூடியிருக்கிறது.

கேழ்வரகும் அப்படித்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையில், 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம் மாவுச்சத்து, கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67, கம்பில் 62, சாமையும் வரகும் 66-ஐ ஒட்டி. இவற்றில் நார்ச்சத்து அதிகம், கேழ்வரகில் கால்சியம் மிக அதிகம், எல்லாம் நல்லதுதான். ஆனால் தட்டு நிறையச் சாப்பிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதிலும் கஞ்சி! மாவை நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, மென்று தின்ன வேலையே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் குடித்துவிடுகிறோம். ரத்தத்தில் ஏறுவதற்கு அதைவிட வசதியான உணவு வேண்டாம். அதே மாவை முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடையாகத் தட்டிக் கொடுங்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னியோ ஒரு அவித்த முட்டையோ வையுங்கள். ஏற்றம் குறையும், பசியும் தாங்கும்.

இதை என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய 'இந்தியாப்' ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது அது. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால் மட்டும் சர்க்கரை நோய்க்கான அபாயம் குறைவதில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் மாதிரியான புரதம் வந்தால் குறைகிறது என்றும் சொன்னது. தட்டில் ஒன்றைக் குறைத்தால், அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். நம் வீடுகளில் குறைப்பதோடு நிறுத்திவிடுகிறோம். பத்து மணிக்குப் பசி வந்து, பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறோம்.

என் ஓ.பி. மேஜையில் ஒரு ஹாட்பாக்ஸில் சோறும் பக்கத்தில் ஒரு சின்ன எடை மெஷினும் எப்போதும் இருக்கும். "வீட்டில் போடுற மாதிரி போடுங்க" என்பேன். "ரெண்டே கரண்டிதான்மா" என்று சொல்லிக்கொண்டே தட்டில் குவிப்பார்கள். தட்டை மெஷினில் வைத்தால் பெரும்பாலும் 350 கிராமைத் தாண்டும். கிட்டத்தட்ட 100 கிராம் மாவுச்சத்து. திட்டுவதற்காக இதைச் செய்வதில்லை. அந்த எண்ணை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கரண்டியை மாற்றிவிடுகிறார்கள். நீங்களும் ஒரு வாரம் மட்டும் அளந்து போடுங்கள். பிறகு கண்ணே பழகிவிடும்.

உங்கள் கணவருக்கு ஒரு வேளைக்கு 45 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று தொடங்கலாம். ராத்திரி சோறுதான் வேண்டும் என்றால் தாராளமாகச் சோறே கொடுங்கள்: ஒரு கிண்ணம். கூடவே கெட்டியான பருப்போ, பச்சைப்பயறு கூட்டோ, மீன் குழம்பில் இரண்டு துண்டு மீனோ. அவரைக்காய், கோவைக்காய், கீரை என்று காய் மட்டும் இரண்டு கிண்ணம். காயையும் பருப்பையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வைக்கச் சொல்லுங்கள். இந்த வரிசை மாற்றமே சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதைக் குறைக்கிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால் இன்னும் நல்லது. சோதனையை, சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கணக்கிட்டுச் செய்யுங்கள். 180-க்குள் கொண்டுவருவது பொதுவான இலக்கு. இவ்வளவும் செய்தும் ஒரு மாதத்தில் இறங்கவில்லை என்றால், அது சாப்பாட்டின் குற்றம் இல்லை, மருந்து போதவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் போங்கள். சிறுநீரகத்தில் பிரச்சினை இருப்பதாக அவர் சொல்லியிருந்தால், புரதத்தைக் கூட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. காலையில் ஏழேகால் மணிக்குப் பஸ். இட்லி, தோசை தவிர வேறு செய்ய நேரமில்லை. எத்தனை இட்லி சாப்பிடலாம்?
*- வாசகி, திருச்சி*

பதில்: மூன்று. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தோசை ஒன்று, இரண்டு இட்லிக்குச் சமம். சாம்பாரைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு ஊற்றாமல், காயும் பருப்புமாக ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிச் சாப்பிடுங்கள். பதினொரு மணி இடைவேளைக்கு, முந்தின நாளே ஊறப்போட்டு அவித்த சுண்டல் ஒரு சின்ன டப்பா எடுத்துப்போனால், ஸ்டாஃப் ரூம் பிஸ்கட் தட்டின் பக்கம் கை போகாது. 'சுகர் ஃப்ரீ' என்று அட்டையில் போட்டிருக்கும் பிஸ்கட்டிலும் மைதா இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். 44 வயது. கிளிமிபிரைடும் வோக்லிபோஸும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன். லோடு ஏற்ற லேட்டானால் சாப்பாடு தள்ளிப்போகிறது. போன வாரம் இரவு ஓட்டிக்கொண்டிருக்கும்போது கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, எதிரே வருகிற விளக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஓரங்கட்டி, ஒரு சாக்லேட் சாப்பிட்டேன். சரியாக ரொம்ப நேரம் ஆனது. நான் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?
*- வாசகர், நாமக்கல்*

பதில்: ஓரங்கட்டினீர்களே, அதுதான் தம்பி உங்களையும் எதிரே வந்தவர்களையும் காப்பாற்றியது. இந்தப் பதிலை வெட்டி வண்டியில் ஒட்டிவையுங்கள்.

கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சரியும். 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. நீங்கள் எழுதியிருக்கிற நடுக்கம், வேர்வை, பார்வைக் குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத விஷயம். வோக்லிபோஸ், அகார்போஸ் இரண்டும் குடலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் உடைவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள். இவற்றை எடுப்பவர் தாழ்சர்க்கரையில் வெறும் சீனியைக் கரைத்துக் குடித்தால், அந்தச் சீனி உடைந்து ரத்தத்துக்குப் போகவே நேரமாகும். சாக்லேட்டில் கொழுப்பு வேறு இருக்கிறது, அது இன்னும் இழுத்தடிக்கும். உங்களுக்குச் சரியாக ரொம்ப நேரம் ஆனதற்கு இந்த இரண்டுமே காரணமாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர். அது ஏற்கெனவே உடைந்த நிலையில் இருப்பதால் நேராக ரத்தத்துக்குப் போகும். மூன்று டீஸ்பூன், சுமார் 15 கிராம், தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் காத்திருந்து மெஷினில் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சரியானது மாதிரி தெரிந்தாலும் முக்கால் மணி நேரத்துக்கு ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். சர்க்கரை ஏறினாலும் மூளை நிதானத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பவுடர் பாக்கெட்டைத் தூங்கும் இடத்தில் வைக்காமல் ஸ்டீயரிங் பக்கத்திலேயே வையுங்கள். கிளீனர் தம்பியிடமும் சொல்லிவையுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். சாப்பாடு தள்ளிப்போகும் என்று தெரிந்தால் வறுத்த வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் கையில் இருக்கட்டும். முக்கியமாக, உங்கள் வேலை நேரத்தை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். "லாரி ஓட்டுறேன், சாப்பாட்டு நேரம் என் கையில் இல்லை" என்று சொன்னால், தாழ்சர்க்கரை அவ்வளவாக உண்டாக்காத மாத்திரைகளுக்கு மாற்றித் தர வழியிருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: சீனிக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் சேர்க்கலாம் என்கிறார்களே?
*- வாசகர், தூத்துக்குடி*

பதில்: வேண்டாம். 100 கிராம் வெல்லத்தில் 85 கிராம் மாவுச்சத்து, கிட்டத்தட்ட எல்லாமே சர்க்கரை. கருப்பட்டியும் தேனும் அந்த வரிசையில்தான் வருகின்றன. கருப்பட்டிக் காபி ருசியானது, உங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை விடச் சொல்வது கஷ்டம் என்பதும் தெரியும். மாதத்தில் ஒருநாள் ஆசைக்குக் குடித்தால், அந்த வேளையில் ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு நல்லது என்ற பெயரில் தினமும் வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. டைப் 1 சர்க்கரை நோய். தினமும் நான்கு ஊசி. வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் கொடுக்கிறார்கள். இவள் மட்டும் டப்பாவை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உறவினர் ஒருவர், "சோறு, இனிப்பு எல்லாத்தையும் அறவே நிறுத்தினா ஊசியே வேண்டாம், நாட்டு மருந்துலயே சரியாகும்" என்று தினமும் போன் செய்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது.
*- ஒரு தாய், நாகர்கோவில்*

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். முதலில் அந்த போனை நிறுத்துங்கள். மரியாதை பார்க்க வேண்டாம். டைப் 1 குழந்தையின் உடம்பு இன்சுலினைச் சுரப்பதில்லை, அல்லது போதாத அளவே சுரக்கிறது. எதைச் சாப்பிட்டாலும், சாப்பிடாமலே இருந்தாலும், இன்சுலின் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிடாத நாளிலும் ஊசியை நீங்களாக நிறுத்தவே கூடாது. டாக்டரைக் கேட்டு அளவை மாற்றலாம்.

உறவினர் சொல்கிற முறை புதிதும் இல்லை. இன்சுலின் 1921-ல் கனடாவின் டொரோண்டோ நகரில் கண்டுபிடிக்கப்படும் வரை, டைப் 1 வந்த பிள்ளைகளுக்கு மாவுச்சத்தை அறவே நிறுத்தி, பட்டினி போட்டுத்தான் வைத்தியம் பார்த்தார்கள். எலும்பும் தோலுமாகிச் சில காலம் தாக்குப்பிடித்து இறந்துபோனார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்ட பிறகுதான் அந்தக் கொடுமை முடிவுக்கு வரத் தொடங்கியது. அந்தப் பட்டினிக்கு உங்கள் மகளை யாரும் திரும்ப அழைத்துப்போக விடாதீர்கள்.

இனி கேக்குக்கு வருவோம். அவள் சாப்பிடலாம். ஆம், சாப்பிடலாம். மாவுச்சத்தைக் கணக்கிட்டு ஊசி போடும் முறை அதற்காகத்தான் இருக்கிறது. எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று உங்கள் டாக்டர் அவளுக்கு ஒரு விகிதம் வைத்திருப்பார்; இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். உதாரணத்துக்கு 15 கிராமுக்கு 1 யூனிட் என்றால், ஒரு சின்னத் துண்டு கேக்கில் சுமார் 30 கிராம், ஆக 2 யூனிட். இந்த எண் குழந்தைக்குக் குழந்தை மாறும், ஒரே குழந்தைக்குக் காலைக்கும் ராத்திரிக்கும்கூட மாறும். அதனால் என் உதாரணத்தை அப்படியே போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போடுகிறாளா, வேகமானதும் மெதுவானதும் கலந்த இன்சுலினா என்பதையும் பார்க்க வேண்டும். கலந்த வகையில் இப்படி வேளைக்கு வேளை மாற்ற முடியாது.

வகுப்பு ஆசிரியையிடம் பேசி, யாருக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று ஒரு பட்டியல் வாங்கிவையுங்கள். அன்றைக்குக் கேக்கை மதியச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டால், தனி ஊசி தேவைப்படாது: சோற்றில் முக்கால் கிண்ணம் குறைத்து, அந்த இடத்தில் கேக். 11 வயதுப் பெண்ணுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தாராளமாக வரும். அவளிடமே ஒரு சின்ன நோட்டைக் கொடுங்கள். இட்லி 12, ஒரு டம்ளர் பால் 10, சின்ன வாழைப்பழம் 15 என்று அவளே எழுதட்டும். கணக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் ஒளித்துவைத்துச் சாப்பிடுவதில்லை. இதை என்னிடம் வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பி.டி. பீரியடுக்கு முன் சர்க்கரையைப் பார்ப்பதும், பையில் குளுக்கோஸ் வைத்திருப்பதும் கட்டாயம்.

கேள்வி: குக்கர் சோற்றைவிட வடித்த சோறு நல்லதா? பழைய சோற்றில் சுகர் ஏறாதாமே?
*- வாசகி, விருதுநகர்*

பதில்: கஞ்சியை வடித்தால் மாவுச்சத்தில் கொஞ்சம் போகும், மிச்சம் முழுதும் சோற்றில்தான் இருக்கிறது. ஆறிய சோற்றில் ஒரு சிறு பங்கு செரிக்காத மாவுச்சத்தாக மாறுவதும் உண்மை. இரண்டுமே சின்ன லாபங்கள். அந்தத் தைரியத்தில் இன்னொரு கிண்ணம் போட்டுக்கொண்டால் லாபம் நஷ்டமாகிவிடும். பழைய சோறு பிடிக்குமென்றால் ஒரு கிண்ணம் சோறு, நிறைய மோர், சின்ன வெங்காயம், கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ. மோர்மிளகாயும் ஊறுகாயும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

கேள்வி: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். 78 வயது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.8. அவர் சாப்பிடுவதே இரண்டு வேளை தயிர்சாதம்தான். வீடியோ காலில் தட்டைக் காட்டச் சொல்லிச் சண்டை போடுகிறேன். அம்மா இப்போது போனையே எடுப்பதில்லை. எடை வேறு குறைந்துவிட்டது. சோற்றை எப்படி நிறுத்துவது?
*- வாசகி, சிங்கப்பூர்*

பதில்: நிறுத்தாதீர்கள். தனியாக இருக்கிற, எடை குறைந்துகொண்டிருக்கிற 78 வயது அம்மாவுக்கு 7.8 மோசமான எண் இல்லை. இந்த வயதில், உடம்பு தளர்ந்தவர்களுக்கு, 8 வரை இருக்கட்டும் என்று டாக்டர்களே இலக்கைத் தளர்த்துகிறார்கள். சர்க்கரை தாழ்ந்து, தலை சுற்றிக் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் இந்த வயதுக்குப் பெரிய ஆபத்து. அவர் எடுக்கும் மாத்திரையின் பெயரை எனக்கு எழுதவில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி ஏதாவது இருந்தால், சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகும் பழைய அளவே வேண்டுமா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். காரணமில்லாமல் எடை குறைவதையும் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

தயிர்சாதத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் சேர்க்கப் பாருங்கள். சோறு ஒரு கை குறைவாக, தயிர் இரண்டு கரண்டி கூடுதலாக. குழைய வேகவைத்த பாசிப்பருப்பைச் சோற்றோடு மசித்துவிட்டால் பல் இல்லாதவர்களுக்கும் இறங்கும். பூசணிக்காயோ கேரட்டோ வேகவைத்துச் சேர்க்கலாம். மாலையில் ஒரு டம்ளர் பாலும், பொட்டுக்கடலை மாவு இரண்டு ஸ்பூன் போட்ட மோரும். முட்டை சாப்பிடுவார் என்றால் தினம் ஒன்று. சமையலுக்குப் பக்கத்து வீட்டில் யாரையாவது ஏற்பாடு செய்ய முடிந்தால், மாதச் செலவில் முதல் செலவாக அதை வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை போன் செய்யும்போது தட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்களும் உங்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்வதற்குப் பாதிக் காரணம், ஒருத்திக்காக எதற்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்ற அலுப்புதான். இந்தியாவில் பன்னிரண்டரை மணி என்றால் உங்களுக்கு மூன்று மணி, ஞாயிற்றுக்கிழமையாவது முடியும். மாத்திரைச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் அதையும் பார்த்துச் சொல்கிறேன்.